ஏழு கதவுப் பெட்டி

1

அறையில் இருந்தவர்கள்:

சியூ மிஸ். மருந்துக்கு அட்டையும் டப்பாவும் எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிற இன்ஜினியர். முப்பத்தைந்து வயசு இருக்கும்.

ஃபரீத். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவன். கையில் நேரம் குறிக்கிற கடிகாரம்.

சீன வாத்தியார் ஒருவர். ஓய்வு பெற்றவர்.

அவர் மனைவி. காது கேட்காது.

ரஹிமா. சோற்றுக் கடை வைத்திருந்தவர். பத்து விரலும் வளைந்துபோனவர்.

முனியாண்டி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு கண்ணில் புரை.

லெட்சுமி அக்கா. எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவி, வயசாகி வேலையை விட்டவர். அறுபத்தெட்டு வயசு.

நான். மேசை நாற்காலி தூக்கிப் போட வந்தவன்.

நம் ஊர்ப் பையன்கள் மாதம் ஒரு தடவை கொண்டுவருகிற இதழுக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எழுதுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். நான் எட்டாவது வரைதான். எழுத ஒன்றும் இல்லை என்று சொல்லிவந்தேன். இப்போது இருக்கிறது.

மலேசியாவில், பினாங்குப் பக்கம், மாத்திரைக்கு அட்டை போடுகிற கம்பெனி. பதினெட்டு வருஷமாக மூன்றாம் லைனில் நிற்கிறேன். மாத்திரை செய்வது வேறு இடம். எங்களுக்கு அது டிரம்மில் வரும். நாங்கள் பிளாஸ்டிக்கில் கூடு அடித்து, கூட்டுக்கு ஒன்றாக மாத்திரை விட்டு, மேலே வெள்ளித்தாள் ஒட்டி, அட்டையாக வெட்டி அனுப்புகிறோம். காலிக் கூடு வந்தால் அந்த அட்டையை எடுத்துப் போட வேண்டும். அதுதான் என் வேலை. அட்டையை ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து வரைகிறார் என்பதே எனக்குப் பல வருஷம் தெரியாது.

வருஷத்தில் நாலைந்து தடவை சியூ மிஸ் வெளியில் இருந்து வயசானவர்களைக் கூப்பிடுவார். புதுசாக வரைந்த அட்டையைக் கையில் கொடுப்பார். உள்ளே இருப்பது மாவு மாத்திரை, மருந்து கிடையாது. வீட்டில் எப்படி எடுப்பீர்களோ அப்படி எடுங்கள் என்று மட்டும் சொல்வார். அதற்கப்புறம் பேச மாட்டார். உதவவும் மாட்டார். ஒருத்தருக்குப் பிரிக்க வராமல் பல்லால் கடித்தாலும் பார்த்துக்கொண்டு இருப்பார். ஃபரீத் எத்தனை நிமிஷம் என்று குறிப்பான். முதல் தடவை பார்த்தபோது கல்நெஞ்சு என்று நினைத்தேன். வீட்டில் உதவிக்கு ஆள் இருக்காது, அதனால் இங்கேயும் உதவக் கூடாது என்று ஃபரீத் பிறகு சொன்னான்.

அன்றைக்கு வைத்தது மூட்டு வாத மாத்திரைக்கான அட்டை. வாரத்துக்கு ஒன்றுதான் போட வேண்டிய மாத்திரை. தினம் போட்டால் ஆளை முடித்துவிடும். நாலு மாத்திரை, நாலு வாரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி எழுத ஒரு கட்டம். மேலே சிவப்பில், வாரம் ஒன்று என்று நாலு பாஷையில்.

வாத்தியார் கண்ணாடி போட்டுப் படித்தார். ஒன்றை எடுத்தார், தேதி எழுதினார். மனைவிக்கும் அவரே எழுதப் போனார். சியூ மிஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாத்தியார் கையை இழுத்துக்கொண்டார். ரஹிமாவுக்கு வெள்ளித்தாளை அழுத்த விரல் வரவில்லை. மேசை விளிம்பில் வைத்து முழங்கையால் அழுத்தினார். வந்துவிட்டது.

லெட்சுமி அக்கா படிக்கவில்லை. நாலையும் ஒரே மூச்சில் பிதுக்கி எடுத்தார். பையில் இருந்து ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்து அதில் போட்டு மூடினார். காலி அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"முடிஞ்சிருச்சு" என்றார்.

முனியாண்டி சிரித்தார். "என்னா லெட்சுமி, எல்லாத்தயும் ஒரே டப்பாவுல போட்டா எது எதுக்குன்னு எப்புடித் தெரியும்?"

"ஒனக்கு ஒரு கண்ணு தெரியாது. எனக்கு ரெண்டும் தெரியும். வெள்ள பிரஷருக்கு. மஞ்சளு மூட்டுக்கு."

"ரெண்டு மஞ்சளு இருந்தா?"

"ரெண்டயும் முழுங்குவேன். ஒடம்புக்கு நல்லதுதானே."

தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். சியூ மிஸ் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு இருந்தார்.

நான் தூக்கிக்கொண்டு இருந்த நாற்காலியைக் கீழே வைத்தேன். எங்களைப் போன்றவர்கள் அந்த அறையில் பேசக் கூடாது. பேசினேன். என் மனைவி இப்படித்தான் செத்தாள் என்று மலாயில் சொன்னேன். மாத்தி என்ற சொல்லைப் போட்டேன். அது ஆடு மாடு செத்தால் சொல்கிற சொல், மனுஷருக்கு வேறு சொல் இருக்கிறது என்று ஃபரீத் இரண்டு நாள் கழித்துத் திருத்தினான். அந்த நேரத்தில் யாரும் திருத்தவில்லை.

சியூ மிஸ் பேனாவை மூடினார்.

2

மல்லிகா என் மனைவி. திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நடவுக்குப் போவாள். இப்போது நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. மெஷின் இறங்காத மூலைக்கும் வரப்போரத்துக்கும் மட்டும் ஆள் கூப்பிடுவார்கள். மூலை நடவு என்றால் மல்லிகா. இரண்டு வருஷமாக அவளுக்கு விரல் வீங்கியது. காலையில் எழுந்தால் கை மடங்காது. நாற்று முடிக் கட்டைப் பிரிக்க வராது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சொல்லாமல் லீவு போடாதவர்களுக்குக் கம்பெனி ஒரு தடவை ஒரு பெட்டி கொடுத்தது. சோற்றுக் கரண்டி நீளம். ஏழு அறை, ஏழு கதவு, கதவுக்கு ஒரு கிழமை. மாத்திரையைப் பிரித்துக் கிழமைவாரியாகப் போட்டு வைக்கிற பெட்டி. எங்கள் கம்பெனி செய்ததில்லை, வாங்கிக் கொடுத்தது. மேலே கம்பெனி முத்திரை மட்டும் இருக்கும். போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கொண்டுபோய் மல்லிகாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தாள். பிரஷர் மாத்திரையை அதில் போட்டு வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் சுகன்யா நிரப்பிக் கொடுப்பாள். தஞ்சாவூர்க் காலேஜில் இரண்டாம் வருஷம் பி.காம். படித்துக்கொண்டு இருந்தாள்.

ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. மாத்திரைக் கம்பெனிக்காரர். யாருக்கு என்ன என்றாலும் போனில் அட்டையைக் காட்டி, "இது எதுக்குங்க?" என்று கேட்பார்கள். எனக்கு அட்டையின் அளவு தெரியும். வெள்ளித்தாளின் கனம் தெரியும். மருந்து தெரியாது. தெரியாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன வருஷம் ஆவணிக் கடைசியில் மல்லிகா தஞ்சாவூரில் மூட்டு டாக்டரைப் பார்த்தாள். மூன்று மாசத்துக்கு எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு மஞ்சள் மாத்திரை. அதை வைத்தே தெரிந்துகொண்டிருக்கலாம். மூன்று மாசத்துக்குப் பன்னிரண்டு என்றால் வாரம் ஒன்று. யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த வாரம் ஞாயிறு. நான் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பி நிற்கிறேன். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. சுகன்யா கூப்பிட்டாள்.

"அப்பா, வெள்ளை மாத்திரையப் பெட்டில போட்டுட்டேன். இந்த மஞ்சள எப்படிப் போடறது?"

"அட்டைல என்ன எழுதியிருக்கு?"

"வெட்டிக் கொடுத்திருக்காங்கப்பா. பேரே இல்ல. சீட்டுல டாக்டர் ஏதோ நீளமா எழுதியிருக்காரு, கிறுக்கலா இருக்கு. போட்டோ அனுப்பறேன், பாக்கறீங்களா?"

பக்கத்தில் மல்லிகா குரல் கேட்டது. "கடையில அந்தப் பொண்ணு ஏதோ சொல்லிச்சு. பஸ்ஸு எடுத்துட்டான்னு ஓடியாந்துட்டேன். மறந்துபோச்சு."

"சீட்டு என்னத்துக்கு? அறைக்கு ஒண்ணு போடு. முடிஞ்சுது" என்றேன்.

"நாளைக்குக் காலேஜு போறப்ப கடைல கேட்டுட்டு வந்து போடட்டுமாப்பா?"

"பதினேழு வருஷமா மாத்திரைக் கம்பெனில நிக்கறேன். நீ கடையில கேக்கறேங்கற."



"சரிப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிறு மல்லிகா போனில் பெட்டியைக் காட்டினாள். ஏழு கதவும் திறந்து கிடந்தன. ஏழு அறையும் காலி.

"பாத்துக்குங்க. ஒண்ணுகூட விடல."

"கெட்டிக்காரி" என்றேன்.

"வாயெல்லாம் புண்ணா இருக்கு. சூடு போலருக்கு."

"இளநி வாங்கிக் குடி."

குடிப்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமை கொல்லையில் விழுந்தாள். தஞ்சாவூருக்குத் தூக்கிப் போனார்கள். சனிக்கிழமை ஒரு டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதைத் தினமுமா போட்டாங்க?" என்று கேட்டாராம். தினமும் என்று சுகன்யா சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மல்லிகா போய்விட்டாள்.

3

பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை பெர்மிட் ஆபீசுக்குப் போகச் சொன்னார் ஏஜெண்ட். ஆபீசில் இறப்புச் சான்று கேட்டார்கள். செத்து ஒரு ராத்திரிதான் ஆகிறது, சான்று எங்கே வரும். போனில் வந்த படத்தைக் காட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் படத்தைப் பார்த்தாள். வருத்தப்பட்டாள். படம் ஆவணம் ஆகாது என்றாள். ஆஸ்பத்திரியில் ஒரு தாள் வாங்கி அனுப்பச் சொன்னேன். அது வந்தது. கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. திரும்ப வாங்கி அனுப்பினார்கள்.

மூன்று நாள். மல்லிகா ஐஸ் பெட்டியில் இருந்தாள். நான் போய் இறங்கியபோது சம்பா நாற்று விட்டிருந்தார்கள். தூறல். கொள்ளி வைத்தேன்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மல்லிகாவின் தம்பி கலியபெருமாள் எனக்கு எதிரே. நல்லவன். அக்காவைத் தாய் மாதிரி நினைத்தவன். சுகன்யா அடுப்படி வாசலில் நின்றாள்.

கலியபெருமாள் அவளைப் பார்த்துச் சொன்னான். "காலேஜு படிக்கிற புள்ள. ஒரு சீட்டப் பாத்து மாத்திரை போடத் தெரியல. பத்து நாள்ல எங்கக்காவ முடிச்சுட்டியே."

ஒரு அம்மாள் மட்டும், "சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும், விடுப்பா" என்றாள். அதுவும் அவள் செய்ததுதான் என்று ஒப்புக்கொள்கிற பேச்சு.

சுகன்யா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அழவில்லை. நான் சொல்வேன் என்று நின்றாள்.

என் காலில் ஆற்றுமணல் ஒட்டியிருந்தது. குனிந்து தட்டிவிட்டேன். தட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

அன்றில் இருந்து என்னோடு பேசவில்லை.

4

சோதனை முடிந்த மறுநாள் சியூ மிஸ் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். மேசை முழுக்க அட்டை, டப்பா, மூடி, பாதி வெட்டிய அட்டை. ஒரு ஜோடிக் கையுறையும் இருந்தது. விரலுக்கு விரல் கம்பி வைத்துத் தைத்தது. மூட்டு வாதக்காரர் கை எப்படி இருக்கும் என்று பார்க்க அவர் போட்டுக்கொள்வது. எதை வரைந்தாலும் முதலில் அதைப் போட்டுக்கொண்டு தானே பிரித்துப் பார்ப்பாராம்.

போட்டுப் பார் என்றார். போட்டேன். ஒரு அட்டையைக் கொடுத்தார். ஏழாவது தடவைதான் மாத்திரை வந்தது. அந்தக் கையால் மல்லிகா பெட்டிக் கதவை எப்படித் திறந்தாள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

எப்படி நடந்தது என்று கேட்டார். என் மலாய் பதினெட்டு வருஷப் பழசு, இன்னும் கால் ஊனவில்லை. தெரிந்த மட்டும் சொன்னேன். எங்கள் ஊர்க் கடையில் அட்டையாக வாங்க வேண்டியதில்லை, எத்தனை வேண்டுமோ அத்தனை வெட்டிக் கொடுப்பார்கள் என்றதும் நிறுத்தச் சொன்னார். டிராயரில் இருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.

"உங்கள் கடைக்காரர் மாதிரி வெட்டு."

அவர் வரைந்த நாலு மாத்திரை அட்டையை எடுத்தேன். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கடைக்காரர் தன்னிடம் வைத்துக்கொள்வார். மீதியை விற்க அது வேண்டும். வாங்குகிறவருக்கு வருவது பேர் இல்லாத பக்கம். அப்படியே வெட்டினேன். என் கையில் மூன்று மாத்திரையும் வெறும் வெள்ளித்தாளும் இருந்தன. சிவப்பு எழுத்து மேசையில் கிடந்தது.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் இதில் எட்டு மாசம் வேலை பார்த்தேன்" என்றார். "மூடி, எழுத்து, ஈரம், எல்லாம் பார்த்தேன். கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை."

ஒரு காகிதத்தை இழுத்து அங்கேயே வரைந்தார். ஒவ்வொரு கூட்டின் முதுகிலும் மருந்தின் பெயர். அதற்குக் கீழே வாரம் ஒன்று. எங்கே வெட்டினாலும் ஒவ்வொன்றோடும் அது போகும். அப்புறம் லெட்சுமி அக்காவுக்காக இன்னொன்று. ஒரு அட்டைக்கு ஒரே மாத்திரை, உள்ளங்கை அகலம். எந்த டப்பாவிலும் நுழையாது.

"இது எங்க ஊருக்கு வருமா மிஸ்?"

"தெரியாது. அங்கே வேறு கம்பெனிகள்" என்றார். பொய் சொல்லவில்லை.

பெரிய ஆபீசில் ஒரு அட்டைக்கு ஒன்று என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பத்து வைக்கச் சொல்வார்கள், அவர்களுக்குக் காட்ட எழுத்தில் வேண்டும் என்றார். ஒரு படிவத்தை எடுத்தார். இறந்தவர் பெயர் வேண்டாம், வயசு போதும். நாற்பத்து நாலு. மாத்திரையைப் பெட்டியில் போட்டது யார் என்று கேட்டார்.

"மகள்" என்றேன்.

எழுதிக்கொண்டார். அது உண்மைதான். பாதி.

அடுத்த கட்டம், எத்தனை மாத்திரை போட்டார்.

"தெரியாது மிஸ்."

"தெரியாது என்று எழுதினால் கதை என்பார்கள். எத்தனையில் ஆள் விழுந்தார் என்று தெரிந்தால், ஒரு கையில் அத்தனை கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல முடியும். மகளுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"கேட்டுச் சொல்."

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

5

என் நாள் இப்படி. காலை ஐந்தரைக்குப் பஸ். ஆறு ஐம்பதுக்குத் தலைக்கு வலை, வாய்க்குத் துணி. ஏழு மணிக்கு லைன். நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் கூடு கண் முன்னே போகும். காலிக் கூட்டை நான் தவற விட்டதில்லை. மூன்று மணிக்கு முடியும். சோறு வடிப்பேன். நாலு பேர் ஒரு அறை. இரண்டு பேர் நேபாளம், ஒருத்தர் பேராவூரணி. அவர் தேங்காய் எண்ணெய் வாசனை பற்றியே பேசுவார்.

நாலரைக்குச் சுகன்யாவுக்கு ஒரு சேதி அனுப்புவேன். சாப்பிட்டியா. அங்கே அப்போது இரண்டு மணி. இரண்டு நீலக் கோடு வரும். பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். பதில் வராது. ஒரு வருஷமாக நீலக் கோடு மட்டும். அது வராத நாளில் கலியபெருமாளைக் கூப்பிட்டு, "புள்ள நல்லாருக்கா?" என்று கேட்பேன். "இருக்கு மாமா. காலேஜு போவுது. யார்கிட்டயும் பேசறதில்ல. பெரிய மனுஷியாட்டம் இருக்கு" என்பான். செய்ததற்கு இப்படித்தான் இருக்கும் என்கிற குரலில் சொல்வான். நான் சரி என்பேன்.

அவளுக்கு எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன். நான்தான் சொன்னேன் என்று அவளிடம் எழுதி என்ன. அவளுக்கு அது தெரியும். தெரியாதவர்கள் மற்றவர்கள்.

படிவம் தலையணைக்கு அடியில் ஆறு நாள் இருந்தது. அதில் மகள் என்று எழுதியிருந்தது. ஊரில் பேச்சாக இருந்தது. இப்போது கடல் தாண்டி ஒரு தாளிலும் ஏறிவிட்டது. ஏற்றியது நான்.

6

ஏழாம் நாள் மல்லிகாவுக்கு வருஷத் திதி. எனக்கு லீவு இல்லை, ஷிப்டு மாற்றிக்கொண்டேன். திதியைக் கலியபெருமாள் செய்தான். காலையில் போனில் படம் போட்டுக் கூப்பிட்டான். நான் துணி காயப்போடுகிற மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"மாமா, படையல் போட்டாச்சு. தெரியுதா?"

தெரிந்தது. மல்லிகா படம். அதில் அவள் கை தெரியவில்லை, மார்பு வரைதான். இலையில் வாழைக்காய் வறுவல் வைத்திருந்தார்கள்.

"கலியபெருமாளு, எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க மாமா. பங்காளி வீட்டாளுங்க எல்லாம் வந்துட்டாங்க."

"சுகன்யா?"

"உள்ள இருக்கு."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி வையி."

"கேக்கும் மாமா. சொல்லுங்க."

சொன்னேன். "அந்த மாத்திரைய அறைக்கு ஒண்ணு போடச் சொன்னது நான். சீட்ட அனுப்பறேன், பாக்கறீங்களான்னு புள்ள கேட்டுச்சு. கடையில கேட்டுட்டுப் போடட்டுமான்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். எனக்கு அந்த மருந்து என்னான்னே தெரியாது. அன்னிக்கு நீ புள்ளையப் பேசினப்ப நான் வாயத் தொறக்கல."

காக்கைக்கு யாரோ சோறு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

"இன்னிக்கா மாமா இதச் சொல்லணும்" என்றான் கலியபெருமாள்.

"அன்னிக்குச் சொல்லல."

"ஒரு வருஷமா அந்தப் புள்ளைய நான் என்னென்ன பேசியிருக்கேன். ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். எனக்குக் கூரையும் ஃபேனும் தெரிந்தன. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "குடும்பத்த அங்கேர்ந்தே நடத்தறாராம்" என்று ஒரு ஆண் குரல் சொன்னது. யார் என்று தெரியும். தப்பாகச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு கை போனை எடுத்தது. படம் ஆடியது. வாசல், கொல்லை, அடிபம்பு. சுகன்யா முகம் வந்தது. இளைத்திருந்தாள். அவளுக்கு மல்லிகாவின் நெற்றி.



"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ப்பா" என்றாள்.

"ஆமா."

"நான் உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"தெரியும்மா."

"காலத் தட்டுனீங்க."

"ஆமா."

கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கேட்டேன். இங்கே ஒரு இன்ஜினியரம்மா இருக்கிறார், அந்த மாத்திரைக்கு வேறு மாதிரி அட்டை வரைகிறார், எத்தனை போட்டாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

அவள் முகம் மாறியது. "இதக் கேக்கத்தான் சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"அவங்க கேக்கலன்னா இன்னும் சொல்லாமத்தான் இருந்திருப்பேன்" என்றேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நடந்தாள். அலமாரி திறக்கிற சத்தம். பெட்டியைக் காட்டினாள். ஒரு வருஷமாக வைத்திருக்கிறாள். திங்கள், செவ்வாய், புதன் கதவு திறந்திருந்தது. மீதி நாலும் மூடியிருந்தன. வியாழன், வெள்ளிக் கதவு வழியே மஞ்சள் தெரிந்தது.

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அஞ்சு மஞ்சள்தான் மிச்சம் இருந்துச்சு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் போட்டேன்" என்றாள். "செவ்வாக்கிழமையே அம்மாவுக்குக் கஞ்சி எறங்கல. வாயி அவ்வளவு புண்ணு. இன்னிக்கு மாத்திரை வேணாம்மான்னு சொன்னேன். கேக்கல. 'உங்கப்பா அவ்வளவு தூரத்துலேர்ந்து கொண்டாந்த பெட்டி. ஞாயித்துக்கெழம பாப்பாரு. ஒரு கதவு மூடியிருந்தா வருத்தப்படுவாரு'ன்னாங்க. தண்ணிய வாயில ஊத்தி அண்ணாந்து முழுங்கினாங்க."

நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கொடியில் நேபாளக்காரன் சட்டை ஆடிக்கொண்டு இருந்தது.

"எண்ணிக்கிட்டீங்களாப்பா?"

"எண்ணிக்கிட்டேன்."

"சரி. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். சாயங்காலம் நாலரைக்கு, சாப்பிட்டியா என்று அனுப்பினேன். நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. அது அவள் இஷ்டம்.

7

மறுநாள் படிவத்தோடு சியூ மிஸ் மேசைக்குப் போனேன். புது அட்டை வந்திருந்தது. ஒரு மாத்திரை, உள்ளங்கை அகலம், முதுகில் பெயர். பக்கத்தில் கத்தரிக்கோல். எல்லாப் பக்கமும் வெட்டிப் பார்த்திருக்கிறார், மேசை முழுக்கத் துண்டு. ஒவ்வொரு துண்டிலும் வாரம் ஒன்று என்று இருந்தது.

பேனா கேட்டேன். கொடுத்தார்.

மகள் என்று அவர் எழுதியிருந்ததை அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டு இருந்தார். வயசானவர்கள் பிரிக்க முடியாமல் திணறும்போது பார்ப்பதுபோல. உதவவில்லை. அதன் பக்கத்தில், கணவன் சொல்லி மகள் போட்டாள், மகள் இரண்டு தடவை கேட்டாள், என்று தமிழில் எழுதினேன். மலாயில் அவ்வளவு எழுத எனக்கு வராது. லெட்சுமி அக்காவின் மகனை வைத்து மலாய்க்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

கீழே ஒரு கட்டம். அத்தனை நாளில் போட வேண்டியது எத்தனை. இரண்டு என்று எழுதினேன்.

அதற்குக் கீழே அந்த வெறும் கட்டம். போட்டது எத்தனை.

பத்து.